சிந்து வரைந்த பதினான்கு பயங்கள்

என் தங்கை சிந்து பயமுறுத்தும் படக்கதைப் புத்தகம் எழுதுகிறவள். கதையும் அவளுடையது, படமும் அவளுடையது. உடையார்பாளையத்தில் இப்படியொரு வேலை இருப்பது யாருக்கும் தெரியாது. அதனால் "தங்கச்சி என்ன பண்ணுது?" என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்குவேன். எனக்கு அதில் அலுப்பே கிடையாது. என் தையல் கடைக்கு வரும் வீராயி அக்கா ஒரு நாள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பேய வரையறதுக்கா காலேஜு வரைக்கும் படிச்சுது? எங்க மாமியா போட்டோ ஒண்ணு தரேன், அத ஒட்டிட்டுப் போவச் சொல்லு" என்றார்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். சிந்துவும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு, "பாத்தியாக்கா, பேயின்னு சொன்ன ஒடனே சிரிப்பு வந்துடுச்சு. இதான் என் பிரச்சினையே" என்றாள்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஆனால் எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. இங்கே வரும் பக்க எண்களும் கிழமைகளும் என் நோட்டில் இருப்பவை. நானாக எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் அப்பா கண்ணையன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். சுரங்கத்திலிருந்து வரும்போது நத்தை போலச் சுருண்ட கற்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பல கோடி வருஷத்துக்கு முன்னால் அரியலூர் கடலாக இருந்தது என்று அங்கே ஒரு சார் அவரிடம் சொல்லியிருந்தார். சிந்து அப்போது ஆறாவது படித்தாள். "அப்ப அந்தக் கடலு எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள். அப்பா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்தக் கேள்வியை அவள் மட்டும் விடவில்லை.

கல்லூரி முடித்ததும் ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் காலை நேர வேலைக்குச் சேர்ந்தாள். மத்தியானம் வீடு வந்து வரைவாள். முதலில் ஒரு புளியமரத்துப் பேய்க் கதை எழுதினாள். தொண்ணூற்றிரண்டு பக்கம். என் கடைக்கு வருபவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். யாரும் பயப்படவில்லை. சிந்தாமணி டீச்சர் கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு, "இந்தப் பேய் கட்டியிருக்கறது காட்டன் பொடவையாம்மா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அன்று சிந்து சாப்பிடவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு எல்லாப் பேயும் தெரியும்க்கா. பேரு தெரியும், எந்த மரம்னு தெரியும், என்னா கேக்கும்னு தெரியும். தெரிஞ்சவங்களப் பாத்து எப்படி பயப்படுவாங்க?" என்றாள். மறுநாள் தொண்ணூற்றிரண்டு பக்கங்களையும் வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அடுத்து எழுதியதுதான் 'உப்பேறும் குழி'. வேலை முடிந்து கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குழி. அதில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒரு நாள் காவல்காரன் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கிறான். உப்புக் கரிக்கிறது. பிறகு பக்கத்து ஊரில் தினமும் ஒரு வீட்டு வாசல் மட்டும் காலையில் நனைந்து கிடக்கிறது. அந்த வீட்டு ஆட்கள் மத்தியானம் குழியை நோக்கி நடக்கிறார்கள். போன கடல் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதில் பேய் கிடையாது, வெள்ளைச் சேலை கிடையாது.

"ஏண்டி, பேயின்னா ராத்திரிலதான வரணும்?" என்று கேட்டேன்.

"ராத்திரின்னா லைட்டப் போட்டுத் தப்பிச்சுக்கலாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தா எந்த லைட்டப் போடுவ?"

இதை எழுத மூன்று வருஷம் ஆனது. அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நம் தமிழ்ச் சொற்கள் நீளம். ஒருவன் "என்னாங்க ஆச்சு, ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டாலே, வாயருகே பேச்சை எழுதும் குமிழ் பாதிக் கட்டத்தை அடைத்துவிடும், முகம் மறைந்துவிடும். பேச்சைக் குறைத்தால் கதை புரியாது. "ஐயோ" என்று எழுதினால் சிரிப்பு வரும். கடைசியில் அலறல் என்பதே இல்லாமல் எழுதினாள். பயந்தவர்கள் வாயைத் திறக்கும்போது குமிழ் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றுக் குமிழைப் பார்த்தபோது என் கை சில்லிட்டது. இதை அவளிடம் சொன்னேன். "நீ என் அக்கா, உன்னக் கணக்குல சேக்க முடியாது" என்றாள்.

கட்டங்களுக்குக் கோடு போடுவது என் வேலை. ரவிக்கைத் துணியில் நூல் பிசகாமல் கோடு போடுகிற கை என்னுடையது. அவளுக்கு மை காய்வதற்குள் கை பட்டு இழுத்துவிடும். பக்க எண், எத்தனை கட்டம், மை ஆச்சா, எழுத்து ஆச்சா, ஸ்கேன் ஆச்சா என்று ஐந்து பத்தி போட்டு நோட்டில் டிக் செய்துகொண்டே வந்தேன்.

அவளுடைய தந்திரம் முழுவதும் தாளைத் திருப்புவதில் இருந்தது. புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கங்கள் ஒன்றாகத் தெரியும். இடது பக்கத்தைப் படிக்கும்போதே வலது பக்கம் ஓரக்கண்ணில் பட்டுவிடும். அதனால் பயமுறுத்தும் படத்தை வலது பக்கத்தில் வைக்கக் கூடாது. வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் காவல்காரன் குழிக்குள் எட்டிப் பார்த்து "யாரு?" என்று கேட்பான். வாசகர் தாளைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் இடது பக்கம் முழுக்க ஒரே படம்: தண்ணீருக்கு அடியில் ஊர்ச்சனங்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், எல்லோர் கண்ணும் மேலே பார்க்கிறது.

"தாள அவங்க கையாலதான் திருப்பறாங்க. கதவ அவங்களே தொறந்த மாதிரி. தொறக்காம இருந்திருக்கலாமேன்னு தோணணும்" என்பாள். அப்படிப் பதினான்கு இடங்கள் வைத்திருந்தாள்.

மூன்று பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். ஒருவர் கொலுசுச் சத்தம் சேர்த்தால் போடலாம் என்றார். நான்காவதாகச் சென்னையில் சிறு பதிப்பகம் நடத்தும் வேல்முருகன் ஒப்புக்கொண்டார். ஐந்நூறு பிரதிகள். பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில், ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. "இது ஓடலைன்னா படக்கதைப் பக்கமே நான் வர மாட்டேன்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இதே சமயத்தில் திருப்பூரில் இருக்கும் எங்கள் மாமா மகள் லாவண்யா ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள். பனியன் கம்பெனியில் துணியில் அச்சடிக்கும் டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரையும் வேலை. அம்மா தினமும் அதையே பேசினாள். ஒரு நாள் சிந்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தப் புக்கு வரட்டும்மா. படிச்சவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் நெசமா பயந்துட்டாங்கன்னா நான் இங்கயே இருந்து வரையறேன். யாருமே பயப்படலன்னா மறுவாரமே திருப்பூருக்குப் போயிடறேன். அப்பறம் பென்சில தொட மாட்டேன்."

"நீ சொன்னா சொன்னதுதான்" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் யாரும் சொன்ன சொல்லை மாற்றுகிறவர்கள் இல்லை. எனக்கு அப்போது பயமே வரவில்லை. என் தங்கை ஜெயிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அச்சுக்குப் போகும் வாரம் சிந்துவுக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. இரண்டு கண்ணும் கோவைப்பழமாகிவிட்டன, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. திருச்சி அச்சகத்தில் கடைசியாக ஒரு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நீ போக்கா. நோட்டு ஒங்கிட்டதான இருக்கு. என்னவிட நீ கரெக்டா பாப்ப" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும், நான் தரையில் நடக்கவில்லை.

காலை ஏழு மணி பஸ்ஸில் போனேன். அச்சகத்தில் பக்கங்களைத் தனித்தனித் தாளாக, ஒரு புறம் மட்டும் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் நோட்டோடு வைத்துப் பார்த்தேன். நூற்று ஐம்பத்தொன்பது பக்கம், எல்லாம் வரிசையாக இருந்தன. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், பத்து ஃபாரம், நூற்று அறுபது. கடைசியில் ஒரு பக்கம் காலி என்று கம்ப்யூட்டரில் இருந்த பெண் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறுத்தியது. தலைப்புப் பக்கம், அதன் பின்னால் பதிப்பக விவரம், உடனே கதை, அதுவும் முழுக் கறுப்பாக. புத்தகத்தில் எங்கும் ஒரு பிள்ளையார் சுழி இல்லை. நான் ரவிக்கைத் துணி வெட்டும் முன் ஓரத்தில் சாக்குக் கட்டியால் ஒரு சுழி போட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். அப்பா உரக்கடைக்கு எழுதும் சீட்டில்கூடச் சுழி போடுவார். என் தங்கையின் முதல் புத்தகம், மூன்று வருஷ உழைப்பு, கறுப்பில் தொடங்குவதா?

அங்கேயே ஒரு வெள்ளைத்தாளில் என் கையால் சுழி போட்டேன். கீழே "அப்பா கண்ணையன் நினைவாக" என்று எழுதினேன். கதைக்கு முன்னால் இதைச் சேர்க்கச் சொன்னேன்.

"தாராளமா சேக்கலாங்க. கடைசில ஒரு பக்கம் சும்மாதான கெடக்கு, சரியாப் போயிடும்" என்றார் அந்தப் பெண்.

சரியாகப் போகும் என்று நானும் நினைத்தேன். புத்தகம் வந்ததும் சிந்து பார்த்து அழுவாள், அம்மாவிடம் காட்டுவாள் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டோவில் பார்சல்கள் வந்து இறங்கின. அவளுக்குக் கண் சரியாகியிருந்தது. நான் கத்தரியால் கயிற்றை வெட்டி, முதல் பிரதியை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றேன். சுழி இருந்த பக்கத்தைப் பார்த்தாள். அப்பா பெயரை விரலால் தொட்டாள். சிரித்தாள். பிறகு அடுத்த தாளைத் திருப்பினாள், அதற்கடுத்ததையும் திருப்பினாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"யக்கா, இத எப்ப சேத்த?"

"திருச்சிலதான். நல்லாருக்குல்ல?"

அவள் இருபத்து நான்கு, இருபத்தைந்தாம் பக்கங்களை விரித்து என் பக்கமாகத் திருப்பினாள். இடது பக்கத்தில் காவல்காரன் "யாரு?" என்று எட்டிப் பார்க்கிறான். வலது பக்கத்தில், அவனுக்கு நேர் எதிரே, தண்ணீருக்குள் சனங்கள் நிற்கிறார்கள். கேள்வியும் பதிலும் பக்கத்துப் பக்கத்தில். திருப்புவதற்குத் தாளே இல்லை. நான் ஒரு பக்கத்தை முன்னால் சேர்த்ததில் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போய்விட்டது. பதினான்கு இடமும் அப்படித்தான். ஐந்நூறு பிரதியும் அப்படித்தான்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

வேல்முருகனுக்குப் போன் போட்டோம். "இதெல்லாம் யாருக்கும்மா தெரியப் போவுது? படம் அதே படம்தானே?" என்றார். மறுபடி அச்சடிக்க வழியில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை மேடை உறுதி என்றார். வைத்துவிட்டார்.

நான் பிளேடை எடுத்து ஒரு பிரதியில் சுழி இருந்த தாளை வெட்டினேன். வெட்டிய பிறகுதான் தெரிந்தது, அதன் பின்புறம் கதையின் முதல் பக்கம். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். எடுத்தாலும் சேர்த்தாலும் இரண்டிரண்டாகத்தான் மாறும், இடது இடதாகவே இருக்கும். இதைப் புரிந்துகொள்ள மூன்று பிரதிகளை நாசம் செய்தேன்.

சனிக்கிழமை காலை கறுப்புச் சார்ட் வாங்கி, பக்க அளவுக்கு வெட்டி, பயமுறுத்தும் படங்களின் மேல் ஓரத்தை மட்டும் ஒட்டி மூடினேன். தூக்கினால் படம் தெரியும். ஒரு பிரதிக்குப் பதினான்கு மூடிகள். ஒன்றைச் செய்து முடித்துச் சிந்துவிடம் கொடுத்தேன். அவள் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"உள்ள பேய் இருக்குன்னு கதவுல போர்டு மாட்டுன மாதிரி இருக்குக்கா. தூக்கறதுக்கு முன்னாடியே தயாராயிடுவாங்க."

"எதாச்சும் பண்ணலாம்டி. சொல்லு, நான் பண்றேன். ஐநூறையும் பண்றேன்."

"பண்ண ஒண்ணுமில்ல. வுடு" என்றாள். அம்மா இட்லிப் பானையை இறக்கியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்சல்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அரியலூர் போய், அங்கிருந்து பஸ் மாறிப் பெரம்பலூர் போனோம். நான் வழி முழுக்க எங்கள் குலசாமியை ஒரே ஒரு ஆளைக் கேட்டேன். பயப்பட ஒரே ஒரு ஆள்.

வெளியீடு பத்து நிமிஷத்தில் முடிந்தது. பிறகு வேல்முருகனின் கடையில் சிந்து உட்கார, நான் பின்னால் நின்றேன். கல்லூரிப் பெண்கள் இருவர் வந்தார்கள். புரட்டினார்கள். இருபத்தைந்தாம் பக்கம் வந்ததும் ஒருத்தி, "ஏய், இங்க பாருடி, நம்ம ஹாஸ்டல்ல காலைல பாத்ரூம் வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். மற்றவள் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தாள். ஒரு குடும்பம் வந்தது, அட்டையைப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, படம் அழகாக இருக்கிறது என்று வாழ்த்தினார். அழகு! சிந்து எழுந்து நின்று நன்றி சொன்னாள். அவள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் எங்கே போகிறது, கை எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கண் முதலில் வலது பக்கத்துக்குத்தான் போனது.

நான்கு மணிக்கு ஒருவர் வந்தார். ஆலத்தியூர்ப் பக்கம் சுரங்கத்தில் வெடி வைக்கிற பிரிவில் வேலை, பெயர் முத்தமிழ்செல்வன் என்று பிறகு சொன்னார். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் யாரோ இடித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு புத்தகத்தை மூடினார்.

சிந்து மெதுவாகக் கேட்டாள். "பயமா இருந்துச்சுங்களா, சார்?"

"பயமாங்க? பயம்னு சொல்ல முடியாது." அவர் புத்தகத்தை மறுபடி விரித்தார். "இந்தாளு எட்டிப் பாக்கறான். எதுத்தாப்புல என்னா நிக்கிதுன்னு நமக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியல. பாவமா இருந்துச்சு. போவாதடான்னு கூப்புட்டுச் சொல்லணும்போல இருந்துச்சுங்க."

"சார், நெசமாவே கொஞ்சங்கூட பயம் இல்லியா?" என்று நான் குறுக்கே கேட்டுவிட்டேன். சிந்து என் கையைப் பிடித்தாள்.

"இல்லீங்களே. மனசு கஷ்டமாதான் இருந்துச்சு" என்றார் அவர், தவறாக ஏதோ சொல்லிவிட்டது போல. ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும் பஸ்ஸில் நான்தான் பேசினேன். அந்த ஆள் ஒரு மணி நேரம் நின்று படித்ததைச் சொன்னேன். கூப்பிட்டுச் சொல்லணும்போல இருந்தது என்றாரே, அதுவும் ஒரு வகைப் பயம்தானே என்றேன்.

"பாவப்பட வெக்கிறதுக்கு நான் மூணு வருஷம் வரையலக்கா."

"ஒருத்தர் போதும்னுதான சொன்ன. நீ அன்னிக்குப் பார்சலப் பிரிச்சப்ப பயந்தல்ல? மூஞ்சி வெளுத்துப் போச்சே. அது ஒரு ஆளு கணக்குல வராதா? அம்மாகிட்ட நான் சொல்றேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"நான் புக்கப் பாத்துப் பயப்படல. ஒன்னப் பாத்துதான் பயந்தேன். நான் தாளத் திருப்புறேன், எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீ எதுத்தாப்புல கத்தரிய வச்சுக்கிட்டு சிரிச்சுட்டு நிக்கிற. ஒனக்கு இன்னும் தெரியல. சொல்லாம இருந்துட முடியுமான்னு பாத்தேன்."



வியாழக்கிழமை அவள் திருப்பூருக்குப் போனாள். அம்மாவே "ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாமே" என்று இழுத்தாள். சொன்னது சொன்னதுதான் என்று சொல்லிவிட்டுத் துணிகளை மட்டும் எடுத்துப் பையில் வைத்தாள். பஸ் ஏற்றிவிட நான் ஜெயங்கொண்டம் வரை போனேன். "போயிட்டு வரேன்க்கா" என்றாள். அழவில்லை. அவள் அழாதது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

வேல்முருகன் மிச்சப் பிரதிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடையில், தையல் மிஷினுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன். வருபவர்கள் கேட்டால் கொடுக்கிறேன். கொடுக்கும்போது, வலது பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படியுங்கள், இடது பக்கம் முடிந்த பிறகு கையை எடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அதில் பயனில்லை என்று எனக்கே தெரியும். வீராயி அக்கா ஒரு பிரதியை வாங்கிப் போய் நான் சொன்னபடியே படித்துவிட்டு வந்தார். "கையி வலிக்கிதுடி" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிந்து போன் செய்கிறாள். சாப்பாடு, லாவண்யா, தண்ணீர் எல்லாம் பேசுவாள். போன வாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"எதாச்சும் வரையறியாடி?"

"வரையறேனே. ரோஜாப் பூ. நைட்டிக்கு. ஒரு நாளைக்கு நாப்பது டிசைன் குடுக்கணும்."

"அதில்லடி."

"தெரியும்க்கா" என்றாள். "அம்மா இருக்காங்களா? அம்மாகிட்ட குடு."